முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை: ஆளுக்கும் வீட்டுக்கும் அளவெடுப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் முழங்கால் தேய்ந்தவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது எக்ஸ்ரே படத்தை மறப்பதில்லை. அதோடு ஒரு கொப்பித் தாளையும் கொண்டு போங்கள். விடிய எழும்பியதிலிருந்து படுக்கும் வரை அந்தக் காலால் என்ன செய்கிறார், எந்த இடத்தில் முடியாமல் போகிறது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். படத்தில் ஒரே அளவாகத் தேய்ந்த இரண்டு முழங்கால்களுக்குக்கூட ஒரே சிகிச்சை சரிவராது. இணுவிலில் வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கும் 55 வயதுக்காரருக்கும், வீட்டுக்குள் நடந்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்வந்தால் போதும் என்கிற 76 வயது அம்மாவுக்கும் வைத்தியர் வேறு வேறு வழிதான் சொல்வார். அந்த வேறுபாடு அவருக்குத் தெரிய வேண்டுமானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்.

முதலில் அளக்க வேண்டியவை

"நடக்க ஏலாது" என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. ஒழுங்கை முகப்பு வரை போகலாமா, சந்திக் கடை வரை போகலாமா, வழியில் எத்தனை தரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள். இரவில் நோவால் நித்திரை முறிகிறதா? படி ஏறும்போது கூடுதலாக நோகிறதா, இறங்கும்போதா? பாயில் படுப்பவரா? குந்து மலசலகூடமா, கொமட்டா, அது வீட்டுக்குள்ளா வளவின் மூலையிலா? கிணற்றில் அள்ளிக் குளிப்பவரா? தேவாலயத்தில் முழந்தாளிடுபவரா, ஐந்து வேளை தொழுபவரா? பகலில் வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்?

பிறகு அளவு நாடாவை எடுங்கள். செருப்போடு நிற்கச் சொல்லி, நிலத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளக்க வேண்டும். அது 42 செ.மீ. என்றால், சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் இருக்கும் கதிரை, கட்டில், கொமட் எல்லாம் 47 செ.மீ. அளவிலாவது இருக்க வேண்டும். வீட்டில் உள்ள ஒவ்வொன்றின் உயரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். விறாந்தைப் படி எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம், நிலைப்படி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதும் அதே தாளில் வர வேண்டும்.

இன்னொரு சின்னப் பரீட்சை: கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்து 5 தரம் எழும்பி இருக்கச் சொல்லுங்கள். 15 செக்கனுக்கு மேல் எடுத்தால் தொடைத் தசை பலவீனம் என்று கொள்ளலாம். அப்படியானவருக்கு மூட்டு நன்றாகப் பொருத்தப்பட்டாலும் எழும்பி நடக்கப் பிந்தும். இயன்மருத்துவரிடம் முன்கூட்டியே போய்ப் பயிற்சி தொடங்க வேண்டியவர் இவர்தான்.

நோ முழங்காலில் இருந்துதான் வருகிறதா

இடுப்பு மூட்டுத் தேய்ந்தால் நோ முழங்காலில் தெரிவதுண்டு. முள்ளந்தண்டில் நரம்பு நெரிபட்டாலும் அப்படித்தான். முழங்காலை மாற்றிய பிறகும் அதே நோ நிற்கிறது என்று வருபவர்களில் ஒரு பகுதியினர் இந்த வகை. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நிற்கும் மூட்டு நோவும், முடக்குவாதமும் வேறு. காலையில் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைப்பு நிற்கிறது, கை விரல் மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் முதலில் இரத்தப் பரிசோதனையும் மருந்தும்தான் வேண்டும், கத்தியல்ல.

படுத்திருந்து எடுத்த எக்ஸ்ரே தேய்வைக் குறைத்துக் காட்டும். நின்று, உடற்பாரத்தைக் காலில் வைத்து எடுத்த படம் வேண்டும். கால் வளைந்திருந்தால் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை முழு நீளப் படமும் தேவைப்படும். எந்தக் கோணத்தில் எலும்பை வெட்டுவது என்பது அதில்தான் கணக்கிடப்படும்.

உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, நோக் குளிசை, பொல்லு எல்லாவற்றையும் சில மாதங்கள் ஒழுங்காகச் செய்து பார்த்தும் நித்திரையும் நடையும் திரும்பவில்லை என்றால்தான் சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். படம் மோசமாக இருந்தும் நோ குறைவாக உள்ளவரை அவசரப்படுத்தாதீர்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த பிள்ளையின் லீவு முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்று திகதி குறிப்பது இங்கே நடக்கிற மிகப் பெரிய பிழைகளில் ஒன்று. பிள்ளையின் லீவு இரண்டு கிழமை. பக்கத்தில் ஆள் தேவைப்படுவது ஆறு கிழமை.

எந்தச் சத்திரசிகிச்சை, யாருக்கு

உள்பக்கம் மட்டும் தேய்ந்து கால் வில்லாக வளைந்த, 60 வயதுக்குக் குறைந்த, குனிந்து குந்தி உழைக்கிறவருக்குக் கீழ்க்கால் எலும்பை வெட்டித் திருத்தித் தகடு வைக்கும் முறை ஒன்று உண்டு. பாரம் தேய்ந்த பக்கத்திலிருந்து நல்ல பக்கத்துக்கு மாறும். சொந்த மூட்டு அப்படியே இருப்பதால் குந்துவதற்கும் பாரம் தூக்குவதற்கும் வாய்ப்பு மிஞ்சும். எலும்பு பொருந்தும் வரை, சுமார் ஆறு கிழமை, காலில் முழுப் பாரம் வைக்க விடமாட்டார்கள். நாளாந்தக் கூலியில் வாழும் வீட்டுக்கு அது பெரிய சுமை, முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். பின்னாளில் தேவைப்பட்டால் முழு மாற்றும் செய்யலாம்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, மூட்டுக்குள் உள்ள முன் குறுக்கு நாணும் நல்ல நிலையில் இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி மாற்று பொருந்தலாம். ஆள் விரைவாக எழும்பி நடப்பார், மடிப்பும் கூட. ஆனால் மறுசத்திரசிகிச்சைக்கான வாய்ப்பு முழு மாற்றை விடக் கூடுதல்.

முழு மாற்றில் தொடை எலும்பின் நுனிக்குப் பெரும்பாலும் கோபால்ற்-குரோமியக் கவசம், கீழ்க்கால் எலும்பின் மேல் உலோகத் தட்டு, இரண்டுக்கும் நடுவே கடின பொலித்தீன் துண்டு என்பன வைக்கப்படும். எலும்புச் சீமெந்து அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். கவசத்தின் அளவும் நடுத்துண்டின் தடிப்பும் ஆளுக்கு ஆள் மாறும். நடுத்துண்டு தடித்துப் போனால் கால் முழுதாக நீளாது, மெலிந்து போனால் மூட்டு ஆடும். அதனால்தான் வைத்தியர் பரீட்சைத் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்து, மடக்கி நீட்டிப் பார்த்த பிறகு நிரந்தரத் துண்டைப் பொருத்துகிறார். நிக்கல் கலந்த காப்பு, மணிக்கூட்டுப் பட்டி பட்டால் தோல் தடிக்கிறவர் அதை முன்பே சொல்ல வேண்டும்.

எவ்வளவு காலம் நிற்கும்? வெளிநாட்டுப் பதிவேடுகளைத் தொகுத்து 2019ல் வெளியான ஆய்வின்படி முழு முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 82 வீதம் 25 ஆண்டுகள் நின்றிருக்கின்றன. வயதுதான் இங்கே முக்கியம். பிரித்தானியத் தரவுகளில் 70 வயதுக்குப் பின் செய்தவருக்கு வாழ்நாளில் மறுசத்திரசிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 5 வீதம். 50களின் தொடக்கத்தில் செய்த ஆண்களுக்கு அது மூவரில் ஒருவர் அளவு.

சம்மணம் கொட்டுவதையும் குந்துவதையும் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். தட்டையான நிலத்தில் நடக்க 65 முதல் 70 பாகை மடிப்புப் போதும். கதிரையிலிருந்து எழும்பவும் படியிறங்கவும் 90 முதல் 100, சைக்கிள் மிதிக்க 110 அளவு வேண்டும். குந்துவதற்கு 130க்கு மேல். மாற்று மூட்டில் பெரும்பாலானோர் 110 முதல் 120 வரைதான் வருவர். சத்திரசிகிச்சைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ அதுவே பின்பு மடங்கும் அளவைப் பெரிதும் தீர்மானிக்கும். 90 பாகையோடு போனவருக்கு 130 என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். கூடுதலாக மடியும் என்று விற்கப்படும் விலை கூடிய மூட்டுகளில் சாதாரண மூட்டை விடப் பெரிய வேறுபாடு ஆய்வுகளில் தெரியவில்லை. அந்தப் பணத்தைக் கொமட் வைக்கவும் கைப்பிடி அடிக்கவும் செலவழிப்பது நல்லது.

ரோபோ உதவியோடு செய்யும் சத்திரசிகிச்சை பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். வெட்டும் கோணத்தை அது துல்லியமாக்கும். ஆனால் நோவும் நடையும் அதனால் பெரிதாக மாறும் என்பதற்குச் சான்று போதாது. ரோபோவுக்காக மட்டும் சென்னைக்குப் போகத் தேவையில்லை. ஆண்டுக்கு எத்தனை முழங்கால் மாற்றுகிறீர்கள் என்று வைத்தியரிடம் கேட்பது அதைவிடப் பயனுள்ள கேள்வி. அரச வைத்தியசாலையில் எந்தப் பாகம் கிடைக்கும், எதை வெளியில் வாங்க வேண்டி வரும், காத்திருப்பு எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருந்தால்

இது நம் மண்ணுக்கே உரிய விடயம், பலர் சொல்ல மறப்பது. முப்பது வருடத்துக்கு முன் யுத்தத்தில் பட்ட காயம், "அது ஆறிப்போச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆறிய காயத்துக்குள், எலும்பில், கிருமி ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கலாம். அந்த இடத்தில் உலோக மூட்டு வைத்தால் விழித்துக்கொள்ளலாம். ஆகவே காலில் செல் துண்டு, சன்னம் (துப்பாக்கிக் குண்டு), பழைய முறிவு, எப்போதாவது சீழ் வந்தது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகளும், சந்தேகம் இருந்தால் மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பதும் நடக்கும்.

பழைய தழும்புகள் வெட்டும் இடத்தையே மாற்றும். முழங்காலின் முன்தோலுக்கு இரத்தம் பெரும்பாலும் உள்பக்கத்திலிருந்து வருகிறது. அதனால் நெடுக்காகப் பல தழும்புகள் இருந்தால், பயன்படுத்தக்கூடியவற்றில் வெளிப்பக்கத் தழும்பையே வைத்தியர் தெரிவு செய்வார். இரண்டு வெட்டுகளுக்கு நடுவே ஒடுங்கிய தோல்பட்டி மிஞ்சினால் அது கறுத்துச் செத்துவிடும். தொடை எலும்புக்குள் பழைய கம்பியோ துண்டோ இருந்தால், வழமையான அளவுக் கம்பியை எலும்பின் நடுக்குழாய்க்குள் விட முடியாது. கணினி வழிகாட்டியோ, ஸ்கானை வைத்து அந்த ஆளுக்கென்றே செய்த வெட்டு அச்சோ உண்மையில் பயன்படுவது இப்படியானவருக்குத்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடம்பின் எந்தப் பகுதியில் துண்டு இருந்தாலும் அறைக்குள் போக முன் சொல்ல வேண்டும்.

ஒரு கால் செயற்கைக் காலாக உள்ளவருக்குத் திட்டமே வேறு. நல்ல காலில்தான் சத்திரசிகிச்சை. ஆகவே முதல் கிழமைகளில் அவர் ஊன்றப்போவது செயற்கைக் காலில். மிஞ்சிய கால் பொருந்தும் அதன் கிண்ணம் தளர்ந்திருந்தால், உயரம் பிசகியிருந்தால், திகதிக்கு முன் திருத்த வேண்டும். செயற்கைக் கால் செய்து கொடுத்த நிலையத்துக்கு இரண்டு மாதம் முந்தியே போங்கள்.

திகதிக்கு முன் எட்டுக் கிழமை

சீனி வருத்தம் உள்ளவருக்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனி அளவைக் காட்டும் எச்பிஏ1சி 7.5 முதல் 8க்குள் வர வேண்டும் என்று பல வைத்தியர்கள் எதிர்பார்ப்பர். கூடினால் காயம் ஆறாது, கிருமி தொற்றும். குருதியில் ஹீமோகுளோபின் 13க்குக் கீழே என்றால் காரணம் தேட வேண்டும். இரும்புச் சத்துக் குளிசை வேலை செய்யக் கிழமைகள் எடுக்கும், அதைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பாதிதான் சேரும். சுருட்டும் சிகரெட்டும் குறைந்தது 4 கிழமைக்கு முன் நிற்க வேண்டும். சூத்தைப் பல், சிறுநீர் எரிவு, கால்விரல் இடுக்கில் புண், குதிவெடிப்பு இவற்றைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். வயலிலும் முற்றத்திலும் வெறுங்காலோடு நடப்பவரின் விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள். அந்தச் சின்னப் புண் ஒன்றுக்காகவே திகதி தள்ளிப்போவதுண்டு. முழங்காலைச் சுற்றி வீட்டில் சவரம் செய்ய வேண்டாம், கீறலில் கிருமி குடியேறும்.

குளிசைகளைப் பெயர் எழுதாமல் பையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரல், வார்பரின் போன்றவற்றை வழக்கமாக 5 முதல் 7 நாளுக்கு முன் நிறுத்துவர். ஆனால் இருதயத்தில் ஸ்டென்ற் வைத்தவர் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் என்ற சீனிக் குளிசைகளை 3 நாளுக்கு முன் நிறுத்தச் சொல்வர். நிறுத்தாவிட்டால் சீனி அளவு சரியாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். ஸ்ரீரொயிட் எடுப்பவர் திடீரென விடக்கூடாது. சித்த, ஆயுர்வேதச் சூரணம் எடுப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சத்திரசிகிச்சை நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திட உணவு 6 மணித்தியாலத்துக்கு முன்னும், வெறும் தண்ணீர் 2 மணித்தியாலத்துக்கு முன்னும் நிற்கும். பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வர். அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நிறுத்துவர், பயப்பட வேண்டாம்.

வீடு

ஆள் வைத்தியசாலையில் இருக்கும்போது அவசரமாகச் செய்யாமல், ஒரு கிழமை முந்தியே செய்து, ஆளை வைத்து ஒத்திகை பாருங்கள்.

கட்டில் பதிந்திருந்தால் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். கட்டையின் நடுவில் குழி தோண்டிக் கட்டில் கால் அதற்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருநாள் சறுக்கும். பிளாஸ்ரிக் கதிரை பதிவாக இருந்தால் அதே மாதிரி இரண்டை ஒன்றுக்குள் ஒன்று போடுங்கள். உயரமும் கூடும், உறுதியும் கூடும். கைபிடி உள்ள கதிரையாக இருக்க வேண்டும், முதுகைச் சுவரோடு முட்டவிட வேண்டும். சாய்மனைக் கதிரை மூன்று மாதத்துக்கு வேண்டாம்.

குந்து மலசலகூடம் என்றால் நடுவில் துளையுள்ள கொமட் கதிரை வாங்கி அதன் மேல் வையுங்கள். ஈர நிலத்தில் அதன் கால்கள் சறுக்காமல் றப்பர் குமிழ் புதிதாக இருக்க வேண்டும். மலசலகூடம் வளவின் மூலையில் என்றால், முதல் மூன்று நான்கு கிழமைக்குக் கதிரையை அறைக்குள்ளேயே வாளியோடு வைப்பதுதான் புத்தி. முற்றத்து மணலில் வோக்கர் கால் புதையும். மாரி காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், கிணற்றடி பாசி பிடித்து வழுக்கும். இருட்டில் போய் விழுந்தால் புது மூட்டைச் சுற்றி எலும்பு முறியும். அதைத் திருத்துவது முதல் சத்திரசிகிச்சையை விடக் கடினம்.

குளிக்க கதிரையும், அதன் உயரத்துக்கே ஒரு வாங்கில் வாளியும் வையுங்கள். குனிந்து அள்ளத் தேவையில்லை. கிணற்றில் தண்ணி அள்ளுவது 8 கிழமைக்கு வேறொருவரின் வேலை. நிலத்தில் கிடக்கும் கால்துடைப்பான், பாய், சாக்கு, வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பூனை நாயையும் கட்டிலடியில் விடாதீர்கள்.

வோக்கரின் உயரம்: செருப்போடு நிமிர்ந்து, கையைத் தொங்கவிட்டு நிற்க, கைபிடி மணிக்கட்டு மடிப்போடு நேராக இருக்க வேண்டும். பிடிக்கும்போது முழங்கை சற்று மடியும். நான்கு கால்களின் பொத்தானும் ஒரே துளையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். உயரம் கூடினால் தோள் நோகும், குறைந்தால் கூனி நடப்பார், கூனி நடந்தால் முழங்கால் மடிந்தபடியே பழகிவிடும். முடக்குவாதத்தால் விரல் மடங்காதவருக்கு முன்கையைத் தாங்கும் வோக்கர் வேண்டும். நடை வரிசை: முதலில் வோக்கர், பிறகு வெட்டிய கால், பிறகு நல்ல கால். படியில் ஏறும்போது நல்ல கால் முந்தும், இறங்கும்போது வெட்டிய கால் முந்தும். பின்னர் பொல்லுக்கு மாறும்போது அதை வெட்டிய காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அதே பக்கத்தில் பிடித்துத் திரிகிறார்கள்.

முதல் ஆறு கிழமை

எல்லோரும் மடிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், நீட்டுவதை மறந்துவிடுகிறார்கள். கால் முழுதாக நீளாவிட்டால் நொண்டி நடை நிரந்தரமாகும். இதைக் கெடுப்பது அன்போடு வைக்கும் தலையணைதான். முழங்காலுக்குக் கீழே வைத்தால் சுகமாக இருக்கும், கால் மடிந்தபடி இறுகிவிடும். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் வேண்டாம். சுருட்டிய துவாயைக் குதிக்காலுக்குக் கீழே வைத்து, ஒரு நாளைக்கு மூன்று தரம் 10 நிமிடம் முழங்காலைத் தொங்கவிடுங்கள். பிறகு துவாயை எடுத்துவிட்டு, முழங்காலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் எத்தனை விரல் போகிறது என்று பாருங்கள். இரண்டாம் கிழமையில் உள்ளங்கை புகுகிறது என்றால் இயன்மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மடிப்பை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு நூலில் சாவியைக் கட்டுங்கள். ஆளைக் கதிரையில் இருத்தி, முழங்காலின் வெளிப்பக்க நடுவில் நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். காலைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். கணுக்கால் எலும்பு நூலோடு நேராக நின்றால் 90 பாகை. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை 40 செ.மீ. உள்ளவருக்குக் கணுக்கால் நூலுக்குப் பின்னால் 7 செ.மீ. போனால் 100 பாகை, 14 செ.மீ. போனால் 110, 20 செ.மீ. போனால் 120. இடுப்பைத் தூக்கிக் கள்ளம் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒருமுறை, அதே கதிரையில், அதே நேரத்தில் அளந்து கலண்டரில் எழுதுங்கள். இரண்டு கிழமையில் 90ஐ நெருங்குவதும், ஆறு கிழமையில் 100 முதல் 110 வருவதும் நல்லது. ஆறாம் கிழமையிலும் 90ஐத் தாண்டவில்லை என்றால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் போங்கள். மயக்கி வைத்துக் காலை மடக்கிவிடும் சிகிச்சை 12 கிழமைக்குள் செய்தால்தான் நன்றாகப் பலிக்கும்.

பயிற்சிகள் எளிமையானவை. பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது ஒவ்வொரு மணித்தியாலமும் 20 தரம். தொடையை இறுக்கி முழங்காலைக் கட்டிலில் அழுத்தி 5 செக்கன் பிடிப்பது 10 தரம், ஒரு நாளைக்கு நான்கு முறை. குதியைக் கட்டிலில் இழுத்து மடக்குவது 10 தரம், மூன்று முறை. நோக் குளிசை போட்டு அரை மணித்தியாலம் கழித்துத் தொடங்குங்கள். முடிந்ததும் ஐஸை துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள்.

எவ்வளவு செய்வது என்பது ஆளுக்கு ஆள் வேறு. காலையில் அளவு நாடாவால் முழங்கால் சிரட்டையின் நடுவே சுற்றளவு எடுங்கள். நேற்றையதை விட ஒரு செ.மீ.க்கு மேல் கூடியிருந்தால் நேற்று அளவுக்கு மேல் நடந்துவிட்டார். நடையை அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள், நீட்டும் மடக்கும் பயிற்சியை விடவேண்டாம். ஒன்றும் வீங்கவில்லை, ஆனால் மடிப்பும் கூடவில்லை என்றால் அவர் பயந்து குறைவாகச் செய்கிறார். பக்கத்து வீட்டு அக்கா ஒரு மாதத்தில் பொல்லை எறிந்தார் என்று ஒப்பிட்டுப் பேசி ஆளை நோகடிக்காதீர்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டு உருவிக் கட்டுவதோ, யாராவது பலவந்தமாக மடக்கிவிடுவதோ வேண்டாம். தையல் பிரியலாம், சிரட்டை நாண் அறலாம்.

இடுப்பு மூட்டு மாற்றியவருக்கு விதி வேறு. பின்பக்கமாக வெட்டிச் செய்திருந்தால் முதல் ஆறு முதல் பன்னிரண்டு கிழமை இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலுக்கு மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்ளே திருப்பக் கூடாது. விழுந்து கும்பிடுவதும் நிலத்தில் கிடப்பதைக் குனிந்து எடுப்பதும் அப்போது மூட்டைக் கழற்றிவிடும். எந்தப் பக்கத்தால் செய்தார்கள் என்று கேட்டு வாருங்கள்.

குளிசை, சாப்பாடு, காயம்

பரசிற்றமோல் 500 மி.கி. குளிசையில் வளர்ந்தவருக்கு நாளுக்கு 8தான் உச்சம். 50 கிலோவுக்குக் குறைந்த மெலிந்த முதியவருக்கு அதையும் குறைக்க வேண்டும். தடிமன் குளிசைக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கிறது, இரட்டிப்பாகிவிடும். சிறுநீரகம் பழுதானவர், பிரஷரும் சீனியும் உள்ள முதியவர், டைக்குளோபெனாக் போன்ற நோக் குளிசைகளைக் கேட்காமல் தொடக்கூடாது. கடும் நோவுக்குத் தரும் திரமடோல் சில முதியவர்களைக் குழப்பி உளற வைக்கும், பலருக்கு மலச்சிக்கலைத் தரும். குந்த முடியாத நேரத்தில் மலச்சிக்கல் பெரிய கொடுமை. பப்பாப்பழமும் தண்ணியும், போதாவிட்டால் வைத்தியர் தரும் மருந்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

காயத்தைப் புண்ணாக்கும் "கிரந்தி" என்று நம்பி மீன், முட்டை, இறால் எல்லாவற்றையும் நிறுத்திக் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கிறார்கள். காயம் ஆறவும் தசை வளரவும் புரதம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 70 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். ஒவ்வாமை உள்ளதை மட்டும் தவிர்த்து மற்றதெல்லாம் கொடுங்கள். மீன் போட்ட ஒடியல் கூழ் நல்ல சாப்பாடு. சைவக்காரருக்குப் பயறு, கடலை, உழுந்து, தயிர், பால் ஒவ்வொரு வேளையும் வர வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவருக்கு வைத்தியர் சொல்வதே அளவு.

தையல் அல்லது கிளிப்பை 10 முதல் 14 நாளில் எடுப்பர். அதுவரை காயம் நனையக் கூடாது. மஞ்சள், நொச்சி ஒத்தடம், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். கீரிமலைக் கேணியும் கடற்குளிப்பும் ஆறு கிழமைக்குப் பிறகு, தழும்பு நன்றாக மூடிய பின். தழும்புக்கு வெளிப்பக்கத்தில் கொஞ்ச இடம் மரத்துப்போவதும், மூட்டு சில மாதங்கள் சூடாக இருப்பதும், நடக்கும்போது "டக்" என்று கேட்பதும் வழமை.

உடனே போக வேண்டிய நேரம்

காயத்திலிருந்து ஒரு கிழமைக்குப் பிறகும் நீர் கசிகிறது, சிவப்பு பரவுகிறது, 38 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், குறைந்து வந்த நோ திரும்பக் கூடுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வெட்டிய வைத்தியரிடமே போக வேண்டும். பார்மசியில் அன்ரிபயோற்றிக் வாங்கிப் போடாதீர்கள். மேலே காய்ந்து உள்ளே கிருமி இருக்கும், பிறகு எடுக்கும் பரிசோதனையில் எந்தக் கிருமி என்றும் பிடிபடாது. முதல் சில கிழமைக்குள் பிடித்தால் மூட்டைக் கழுவிக் காப்பாற்றலாம். பிந்தினால் கழற்ற வேண்டியும் வரலாம்.

கெண்டைக்கால் வீங்கி நொந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு நோ என்றால் அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், இலவசம். இரத்தம் உறையாமல் இருக்கத் தந்த ஊசியோ குளிசையோ சொன்ன நாள் வரை நிற்காமல் போக வேண்டும். கொழும்பில் செய்துவிட்டு வருபவர்கள் 400 கிலோமீற்றர் வழியில் ஒவ்வொரு மணித்தியாலமும் பாதத்தை ஆட்ட வேண்டும். வானில் வந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்க வேண்டும்.

பழைய வேலைகளுக்கு

சைக்கிள் மூன்று மாதத்துக்குப் பிறகு, பெண்கள் ஓட்டும் குறுக்குச் சட்டமில்லாத சைக்கிளில் தொடங்குங்கள், இருக்கையைச் சற்று உயர்த்தி. வலது காலில் செய்தவர் ஆறு கிழமைக்கு முன் கார், மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். பிரேக்கை அழுத்தக் கால் பிந்தும். முழந்தாளிடுவது மூன்று மாதத்துக்குப் பிறகு மெத்தை வைத்து, நோ இல்லாதவர்களுக்கு மட்டும். தொழுகையைக் கதிரையில் செய்யலாம்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். சுடுமணலில் வெறுங்காலோடு, நெருக்கடிக்குள் நடக்க வேண்டும். திருவிழாவுக்கு முந்திய மூன்று மாதத்துக்குள் சத்திரசிகிச்சைத் திகதி விழுந்தால், அந்த வருடம் வாசலில் நின்று கும்பிடலாம் என்று முதலே பேசி முடிவெடுங்கள். போக வேண்டும் என்று மனம் துடிக்கிறவருக்குத் திருவிழா முடிந்த பிறகு திகதி கேட்பது நல்லது. விவசாயிக்கும் அப்படித்தான், வெங்காய நடுகையும் அறுவடையும் பார்த்துத் திகதி எடுக்க வேண்டும்.

மற்றக் காலும் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஒரே நாளில் செய்வது இருதய நோயில்லாத, வயது குறைந்த, வீட்டில் இரண்டு பேர் துணையுள்ளவருக்கு மட்டும். மற்றவர்கள் மூன்று மாதமாவது இடைவெளி விடுவர்.

வீட்டுக்கு அனுப்பும்போது பொருத்திய பாகங்களின் ஒட்டுத்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். அவற்றில் நிறுவனம், அளவு, தொகுதி இலக்கம் இருக்கும். பத்து இருபது வருடம் கழித்து நடுத்துண்டை மட்டும் மாற்ற வேண்டி வந்தால், எந்த மூட்டு என்று தெரியாமல் முழுவதையும் கழற்றும் நிலை வரக்கூடாது. கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் ஒட்டி, கைபேசியில் படம் பிடித்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள்.